இரண்டு பேருக்கான கொக்கி

கிட்ட வாங்க கண்ணுகளா. காற்று அடிக்கிற அந்த ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க, போர்வை வேணுமென்றால் இழுத்துக்கங்க. இன்றைக்கு ஒரு எடை மேடையில் தொடங்குகிற கதை சொல்கிறேன். இதில் யாரும் அலற மாட்டார்கள், சலங்கை எதுவும் கேட்காது. ஒரு நூற்று நாற்பது பவுண்டு இருக்கிறது, அவ்வளவுதான். அது யாருடையது என்று சொல்லி முடிக்கும்போதும் எனக்குத் தெரியப் போவதில்லை.

வடக்கு டகோட்டாவில் ஹல்டா என்றொரு ஊர். நானூறு பேர், ஒரு சர்ச், ஒரு காபிக்கடை, அவை எல்லாவற்றையும் விட உயரமாக ஒரு தானியக் கிடங்கு. கிடங்கின் வாசலில் லாரிகளை எடை போடுகிற நீளமான இரும்பு மேடை. நவம்பர் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அறுவடை லாரிகளின் வரிசை ஓய்ந்து, கிடங்கின் தகரக் குழாய்களில் காற்று மட்டும் புகுந்து புகுந்து வெளியே வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், வெர்லின் ஸ்கோக்ஸ்டாட் டிரெய்லர் வீடு கோத்த தன் பிக்கப் வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு இறங்கி, எடை பார்க்கிற கோர்லிஸின் ஜன்னலோரம் வந்து நின்றார்.

கோர்லிஸ் எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.

"உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களா, வெர்லின்?"

"படுக்க யாரு இருக்கா?"

அவள் முகம் சுருங்கியது. கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்தது.

வெர்லினுக்கு எழுபத்து நான்கு வயது. அவர் மனைவி ஆர்டிஸ் மே மாதம் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன்னால் இருபத்தோரு குளிர்காலம், இருவரும் தங்கள் டிரெய்லர் வீட்டைப் பிக்கப்பில் கோத்துக்கொண்டு பனிக்கு முன்னால் அரிசோனாவுக்குக் கிளம்பிப் போய், பனி உருகியபின் திரும்பி வந்தவர்கள். அந்த மாதிரி டிரெய்லரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் முன்பாதி கழுத்தைத் தூக்கினாற்போல உயர்ந்து, பிக்கப்பின் முதுகுக்கு மேலே வந்து, அங்கே பொருத்தியிருக்கிற பெரிய இரும்புக் கொக்கியில் உட்காரும். அஞ்சாவது சக்கரம் என்று அந்தக் கொக்கிக்கு எங்கள் பக்கம் பெயர். சக்கரம் ஒன்றும் அதில் கிடையாது. உயர்ந்து நிற்கிற அந்தக் கழுத்துப் பகுதிதான் டிரெய்லரின் படுக்கையறை. கட்டில், கொக்கிக்கு நேர் மேலே. அதில் யாராவது படுத்தால் அவர்களுடைய பாரம் அப்படியே பிக்கப்பின் முதுகில் இறங்கும்.

பழைய பிக்கப் அக்டோபரில் இன்ஜின் போய்க் கழிந்துவிட்டது. புதிதாக வாங்கியது முதுகு குட்டையான வண்டி. பழைய கொக்கி அதற்கு ஆகாது. எந்தக் கொக்கி வாங்கலாம் என்று, ஊரில் வண்டி வேலை பார்க்கிற லோவெலின் கடைக்குப் போனபோது, முதலில் பாரம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்று ஒரு பழைய கொக்கியை இரவல் மாட்டி அனுப்பியிருந்தார் லோவெல். பார்க்கிற முறை எளிதுதான். பிக்கப்பை மட்டும் ஒரு தடவை எடை போட வேண்டும். பிறகு டிரெய்லரைக் கோத்து, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, டிரெய்லரின் சக்கரங்கள் வெளியே நிற்கும்படி நிறுத்தி இன்னொரு தடவை. எவ்வளவு கூடுகிறதோ அதுதான் கொக்கி தாங்க வேண்டிய பாரம்.

செப்டம்பரிலும் கோர்லிஸ்தான் எடை போட்டாள். டிரெய்லரை விற்றுவிடலாம் என்று நினைத்து, ஆர்டிஸின் துணிமணி, சட்டி பானை, ஊறுகாய்ப் புட்டிகள், தையல் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி, தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்து, பழைய பிக்கப்பில் கோத்துக் கொண்டுவந்தார். அன்றைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. அதற்குப் பிறகு ஒரு கரண்டிகூட உள்ளே போகவில்லை.

இன்றைக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

"நூத்தி நாப்பது கூடுது," என்றாள் கோர்லிஸ். "எலி புகுந்திருக்குமோ?"

"அவ்ளோ பெரிய எலியா இருந்தா வாடகை கேப்பேன்."

அதற்கு அவள் சிரித்தாள். பிறகு, அவருக்காகவே எடுத்து வைத்திருந்த மாதிரி ஒரு தட்டு நிறைய இனிப்புத் துண்டுகளை ஜன்னல் வழியாக நீட்டினாள். மே மாதத்திலிருந்து ஊர்ப்பெண்கள் எல்லோரும் இப்படித்தான், மூடி போட்ட பாத்திரங்களில் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்து, அடியில் தங்கள் பெயரை ஒட்டி, அவர் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுதான் விஷயம்.

வெர்லின் டிரெய்லரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். மூன்று படி மேலே படுக்கையறை. மெத்தையின் மேல் அவரே போர்த்திய பிளாஸ்டிக் தாள் சுருக்கமில்லாமல் கிடந்தது. அலமாரிகள் காலி. ஜன்னல் திரைகள் மூடியிருந்தன. குளிர்ந்த அறைதான், ஆனால் காற்றில் ஒரு வாசனை இருந்தது, நனைந்த சூரியகாந்தித் தட்டைகளை வயலில் புரட்டினால் அடியிலிருந்து எழும்புமே, இனிப்பும் அழுகலுமாக, அந்த வாசனை. அவர் கட்டிலின் ஓரத்தில் கை வைத்து நின்றார்.

நூற்று நாற்பது.

கண்ணுகளா, ஆர்டிஸ் நோயில் விழுவதற்கு முன்னால் அவளுடைய எடை அதுதான். கடைசியில் தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கிவிட்டாள். நான்கு மாதம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவளைத் தூக்கியவர் அவர். எந்த எடை மேடையையும் விட அவர் கைகளுக்கு அவள் பாரம் தெரியும். ஒவ்வொரு வாரமும் அது குறைந்ததும் தெரியும்.

தேறிவிட்டாள் என்று நினைத்தார். முதலில் தோன்றியது அதுதான். போன இடத்தில் உடம்பு தேறியிருக்கிறாள்.

கோர்லிஸ் இன்னும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கி வந்து, மேடை பழசு, சரி பார்க்கச் சொல்லு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

லோவெலின் கடையில் எண்ணெயும் வெல்டிங் புகையும் கலந்த கதகதப்பு இருந்தது. லோவெல் அவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"குட்ட முதுகு வண்டிய எவன்டா உன் தலையில கட்டினான்?" என்றார் அன்றைக்கும். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்வி.

தரையில் மூன்று கொக்கிகள் இருந்தன. ஒன்று அசையாத கொக்கி. குட்டை முதுகு வண்டியில் அதை மாட்டி ஒடித்துத் திருப்பினால் டிரெய்லரின் நெற்றி வந்து பின்கண்ணாடியை உடைத்துவிடும் என்று லோவெல் அதைக் காலால் ஓரம் தள்ளினார். மற்ற இரண்டும் பின்னால் நகர்கிற வகை. சின்னது மூவாயிரம் பவுண்டு வரை தாங்கும். பெரியது அதைப்போல ஒன்றரை மடங்கு தாங்கும், ஆனால் வண்டியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

"எவ்ளோ காட்டுச்சு?"

வெர்லின் சின்னக் கொக்கியைப் பார்த்தார். இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது என்று சொல்லலாம். அது உண்மை. அப்படியானால் சின்னது போதும். அவருடைய துணிப்பெட்டியையும் காபிக் கெட்டிலையும் பிக்கப்பின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஒரு ஆள் பயணம்.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது."

"விக்கிறதுக்குக் குடுத்த விளம்பரத்துல கம்மியாப் போட்டிருந்தியே. என்னத்த ஏத்தின?"

மேலே தகரக் கூரையில் காற்று ஒரு தடவை தட்டிவிட்டுப் போனது. வெர்லின் பெரிய கொக்கியின் இரும்புத் தாடைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேருக்கானதா குடு, லோவெல்."

லோவெல் கந்தல் துணியில் கையை மெதுவாகத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். எங்கள் ஊர் ஆண்கள் இதற்கு மேல் கேட்க மாட்டார்கள். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, என்னடா சொல்றே என்று, கேட்டிருக்கலாம். அவர் கடைப்பையனும் அன்றைக்கு வரவில்லை, அதனால் கிழவர்கள் இருவருமே மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பெரிய கொக்கியை வண்டியில் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம் வெர்லின் மெத்தையிலிருந்து பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு, பீரோவிலிருந்து ஆர்டிஸ் தைத்த மெத்தை விரிப்பைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். இரண்டு தலையணை வைத்தார். மின்னியாபொலிஸிலிருந்து மகள் ரெனே கூப்பிட்டு, தனியாக எதற்கு இவ்வளவு தூரம், எங்களோடு வந்து இருங்கள் என்று வழக்கம்போல் சொன்னாள். அவர் வழக்கம்போல் சரி சரி என்றார். ஆர்டிஸ் படுக்கையில் கிடந்த போன குளிர்காலத்துக்குப் பிறகு, அந்த வீட்டில் இன்னொரு குளிர்காலத்தை அவரால் கழிக்க முடியாது. பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறி, சாலை மூடி, அடுப்பின் மேலிருக்கிற கடிகாரத்தின் சத்தம் ஒவ்வொரு அறையிலும் கேட்கிற அந்த நான்கு மாதம். யாரிடமும் அதை அவர் சொன்னதில்லை. ஆனால் இந்தத் தடவை அந்த வீட்டிலேயே தங்கிவிட்டால், பனி உருகும்போது கதவைத் திறக்க ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை உச்சிவேளைக்கு மேல் கிளம்பினார்.

தெற்கே போகிற அந்தச் சாலை கோடு போட்டாற்போல நேர். இரண்டு பக்கமும் அறுக்காத சூரியகாந்தி, கருத்துக் காய்ந்து, தலைகள் எல்லாம் ஒரே பக்கம் குனிந்து, மைல் கணக்கில். எதிரே வண்டி அபூர்வம். ரேடியோவில் ஒரு ஆள் கோதுமை விலையைப் படித்துக்கொண்டிருந்தான், பிறகு அவன் குரலும் இரைச்சலுக்குள் போனது, வெர்லின் அதை நிறுத்தினார். நிறுத்தியபின், டயர்களின் ஒரே சீரான உறுமலுக்கு அடியில், வேறொன்று கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. கட்டிலில் படுத்திருக்கிறவர் புரண்டு படுத்தால் கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்து நிமிருமே, அப்படிப் பிக்கப்பின் பின்பக்கம் இடதுபுறம் மெல்லத் தாழ்ந்து, நிமிர்ந்தது. சாலையில் மேடு பள்ளம் கிடையாது. காற்றும் பின்னாலிருந்துதான் வந்தது.

அவர் சிரித்துக்கொண்டார். "தூங்கு, தூங்கு," என்றார்.

பத்து மைல் தாண்டியிருக்கும். மறுபடியும் புரண்டது. இந்தத் தடவை தாழ்ந்தது நிமிர நேரம் எடுத்தது.

அப்போதுதான் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இருபத்தோரு வருடத்தில் ஆர்டிஸ் ஒரு நாளும் ஓடுகிற டிரெய்லருக்குள் படுத்ததில்லை. எப்போதும் முன்னால், அவருக்கு வலப்பக்கம், மடியில் வரைபடமும் காலடியில் காபி பிளாஸ்க்குமாக உட்கார்ந்து வருவாள்.

ஐம்பது மைலில் நிறுத்தி, புதுக் கொக்கியின் போல்ட்டுகளை ஒரு சுற்று முறுக்கு என்று லோவெல் சொல்லியிருந்தார். நிறுத்தினார். போல்ட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. கொக்கியின் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் பின்டயர்கள் இரண்டும் தரையில் அமுங்கி, வயிறு பிதுங்கி நின்றன. ஸ்பிரிங் பட்டைகள் கிட்டத்தட்ட நேராகிவிட்டிருந்தன. கிளம்பும்போது இப்படி இல்லை. தலைக்கு மேலே டிரெய்லரின் கழுத்து, அதற்குள்ளே கட்டில். அவர் அதன் அடியில் குனிந்து நின்றுகொண்டு காது கொடுத்தார். சூடான இரும்பு சுருங்குகிற டிக் டிக். காய்ந்த தட்டைகளின் உரசல். அந்த வாசனை, இப்போது வெளியிலேயே.

"ஆர்டிஸ்?"

உரசல் நின்றது.

கதவைத் திறந்து பார்க்கலாம். படி ஏறலாம். கை சாவிவரை போனது. பிறகு திரும்பி வந்து பிக்கப்பில் ஏறிக்கொண்டார்.

நவம்பரில் எங்கள் பக்கம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தெற்கு டகோட்டா எல்லை தாண்டியதும் ஒரு சின்ன ஊரின் தானியக் கிடங்கு சாலையோரம் தெரிந்தது. அலுவலகத்தில் விளக்கில்லை, ஆள் இல்லை. ஆனால் மேடைக்குப் பக்கத்தில் கம்பத்தில் மாட்டியிருந்த எண் பலகை எரிந்துகொண்டிருந்தது, இருட்டில் சிவப்பாக ஒரு பூஜ்யம். வெர்லின் யோசிக்காமல் திருப்பினார். பிக்கப்பை மேடையில் ஏற்றி, டிரெய்லரின் சக்கரங்களை வெளியே விட்டு, இறங்கிப் போய்ப் பலகைக்கு அடியில் நின்றார்.

அவர் இல்லாமல், புதுக் கொக்கியோடு பிக்கப் எட்டாயிரம். டிரெய்லரின் பாரம் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. அதோடு ஆர்டிஸ். பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது வர வேண்டும்.

பதினோராயிரத்து நூற்று அறுபது.

விரல் விட்டுக் கணக்குப் போட்டார். முந்நூற்று இருபது. கட்டிலில் முந்நூற்று இருபது.

ஆர்டிஸ் ஒரு நாளும் அந்த எடை இருந்ததில்லை. அவருக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும், எந்த மனிதரும் இருந்ததில்லை. காற்றாக இருக்கும் என்று நினைத்தார். காற்று அழுத்தினால் எண் ஏறும். அவர் ஒரு விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தார். காற்று விழுந்துவிட்டிருந்தது.

எண் மாறியது.

பதினோராயிரத்து நூற்று எண்பது.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். டிரெய்லரின் கழுத்து லேசாக முனகியது.

இருநூறு.

இருநூற்று இருபது.

டிரெய்லரைக் கழற்றிவிட வேண்டும். ஓடிப்போய்த்தான் செய்தார் எல்லாவற்றையும். டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டார். கழற்றிய டிரெய்லரைத் தாங்கி நிறுத்துகிற இரும்பு முன்கால்களை இறக்கினார். மோட்டார் அழுதுகொண்டே அவற்றைத் தள்ளி, மேடையின் இரும்பில் ஊன்றி, கழுத்தைக் கொக்கியிலிருந்து ஒரு நூல் தூக்கியது. ஒயரைப் பிடுங்கினார். கொக்கியின் கைப்பிடியைப் பிடித்தார். இந்த மாதிரிக் கைப்பிடி லேசில் வராது. பழைய கொக்கியில் இருபத்தோரு வருடமும் காலால் உதைத்து, வண்டியை அரை அடி பின்னால் தள்ளி, திட்டித் திட்டித்தான் வரும்.

வெண்ணெயில் கத்தி போல வந்தது.

பிக்கப்பை எடுத்தார். மேடையை விட்டு இறங்கி, சரளைக் கல்லில் நாற்பது கஜம் போனார். பின்பக்கம் காலியாகி வண்டி துள்ளியது. மூச்சு வந்தது. சாலை எதிரே இருந்தது. இடது பக்கம் திருப்பினால் ஊர், விளக்கு, மனிதர்கள்.

நிறுத்திவிட்டார்.

ஏன் நிறுத்தினார் என்று என்னைக் கேட்காதீர்கள் கண்ணுகளா. உங்களுக்கே தெரியும். ஒருவேளை அவளாக இருந்தால்? சாவு ஒரு ஆளை என்னவெல்லாம் செய்யும் என்று யாருக்குத் தெரியும்? இருட்டில், தெரியாத ஊரில், குளிரில், அவளை ஒரு மேடையில் இறக்கிவிட்டு ஓடுவதா? இரண்டு பேருக்கானது வேண்டும் என்று கேட்டவர் அவர்தானே?

கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார்.

டிரெய்லர் தன் முன்கால்களில் நின்றுகொண்டிருந்தது. படுக்கையறை ஜன்னல் இருட்டாக இருந்தது. பக்கத்தில் சிவப்பு எண் பலகை. மேடையில் இப்போது அந்தக் கால்களின் பாரம் மட்டும்தான்.

மூவாயிரத்து நானூறு.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் விழுந்தது. ஒரே தடவையில். இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.

காலி.

கதவு திறக்கவில்லை. கதவு திறந்த சத்தமே இல்லை. மேடைக்கும் பிக்கப்புக்கும் நடுவே நாற்பது கஜம் சரளைக் கல். அதில் எதுவும் நகரவில்லை. ஒரு கல்கூட.

"ஆர்டிஸ்," என்றார். மிக மெதுவாக.

பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்தது.

அவர் அசையவில்லை. இரும்பு முனகியது. இன்னும் தாழ்ந்தது. முன்னால், சரளையின் மேல் விழுந்து கிடந்த விளக்கு வெளிச்சம் மெல்ல எழும்பியது. சாலையை விட்டது. வேலியை விட்டது. குனிந்த சூரியகாந்தித் தலைகளின் மேல் ஏறியது. ஆயிரம் கருத்த முகங்கள். அதையும் விட்டு மேலே போய், ஒன்றுமில்லாத வானத்தில் நின்றது.

அந்த வாசனை.

கால் ஆக்சிலரேட்டரைத் தேடியது. கால் எங்கே என்று தெரியவில்லை.

பிறகு வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது.

கொஞ்சம் கொஞ்சமாக. வானத்திலிருந்து தலைகளுக்கு. தலைகளிலிருந்து வேலிக்கு. பாரம் பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். சரளைக்கு வந்தது வெளிச்சம். முதலில் இருந்த இடத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை.

இன்னும் இறங்கியது. இன்னும். வண்டியின் மூக்குக்கு முன்னால் இரண்டடி தரையில், இரண்டு சின்ன வட்டமாக விழுந்து நின்றது.

வலப்பக்க இருக்கையின் ஸ்பிரிங், ஒவ்வொன்றாக, அமுங்கி முடித்தது.

வெர்லின் வலப்பக்கம் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே, அந்த இரண்டு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. விளக்கை நான் அணைக்கவில்லை, எரியட்டும். உங்கள் வீட்டுக் கட்டில்களில் உங்கள் வீட்டு ஆட்கள் மட்டுமே படுக்கட்டும். உங்கள் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிற நாள் வந்தால், அதை நிரப்பப் பகல் வெளிச்சத்தில் கதவைத் தட்டி, பெயர் சொல்லி, சிரித்துக்கொண்டு ஒரு மனிதர் வரட்டும். உங்கள் வாசலில் சாப்பாடு வைக்கிறவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தும் போகட்டும். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.